பட்டால நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு எப்படிப் பாக்குறது

நிலம் வாங்குறதுக்கு முன்னாடி தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் சைட்ல மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே நம்பர் போட்டு பட்டாவை எடுத்துப் பாருங்க, அதுல புன்செய், நன்செய், மற்றவைன்னு தனித்தனியா போட்டிருக்கும். செய்னா பழைய தமிழ்ல வயல், நல்ல செய்தான் நன்செய், பேச்சுல நஞ்சை ஆயிடுச்சு, ஆறு, ஏரித் தண்ணி பாயுற நெல்லு வயல். புன்செய்ல வர்ற புன்னுக்கு எளியதுன்னு அர்த்தம், மழைய நம்பி கம்பு, சோளம், கடலை போடுற மேட்டு நிலம். ஆனா பதிவுல நஞ்சைன்னு இருந்தாலும் இப்ப வாய்க்கால்ல தண்ணி வருதான்னு நேர்ல போய்ப் பாத்துருங்க.

அப்புறம் அ-பதிவேடு, அதாவது ஊர்ல ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம்னு எழுதியிருக்குற அரசுப் பதிவேடு, அதையும் பாருங்க. புறம்போக்குன்னு இருந்தா அட்வான்ஸே குடுக்காதீங்க. வரிக்குப் புறமா ஊருக்குன்னு ஒதுக்குன நிலம் அது, அதைப் போயி திட்டுற வார்த்தையாக்கிட்டோம், ஏரியும் மேய்ச்சல் தரையும் புறம்போக்குதாங்க.