ஈரலில் கட்டி என்று சந்தேகமா? எந்த சிடி ஸ்கேன் என்று படிப்படியாகப் பார்ப்போம்

தோட்டத்திலிருந்து கண்டிக்கோ பதுளைக்கோ ஸ்கேன் எடுக்கப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். அதனால் முதல் தடவையே சரியான ஸ்கேனாக இருக்க வேண்டும். முடிவு டாக்டருடையது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்க நமக்கும் கொஞ்சம் விளங்கியிருக்க வேண்டும்.

ஈரலுக்கு இரத்தம் இரண்டு வழியாக வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் நாளத்தில், மீதி தமனியில். ஈரலிலேயே உண்டாகும் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி இரத்தத்தில்தான் வளரும். ஆகவே, படம் தெளிவாக விழ ஊசியில் ஏற்றும் சாய மருந்தை ஏற்றி எத்தனையாவது நொடியில் படம் எடுக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

படி 1: டாக்டர் தந்த துண்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள்

சாயம் இல்லாத சிடியில் சுண்ணாம்புப் படிவு, கொழுப்பு, இரத்தக் கசிவு தெரியும். கட்டியோ ஈரலின் நிறத்திலேயே மறைந்துவிடலாம்.

சாயம் ஏற்றி 70 நொடி அளவில் ஒரே தடவை எடுப்பது அடுத்த வகை. பெருங்குடல் புற்று ஈரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க இது பெரும்பாலும் போதும்.

ஈரல் சுருக்கமோ ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் வைரஸ் நோயோ உள்ளவருக்கு அது போதாது. அவருக்கு ட்ரைபேசிக் (மூன்று கட்ட) சிடி வேண்டும்: சுமார் 35-40 நொடியில் ஒன்று, 70 நொடியில் ஒன்று, 3 முதல் 5 நிமிடத்தில் ஒன்று. ஈரல் புற்று முதல் படத்தில் பளிச்சென்று வெளுத்து, பிந்திய படங்களில் சுற்றியுள்ள ஈரலைவிடக் கறுத்துப் போகும். இப்படிப்பட்டவரிடம் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தால், ஊசி குத்திச் சதை எடுக்காமலேயே நோயை உறுதிசெய்ய முடிவது உண்டு. ஆபத்தில்லாத இரத்தக்குழாய்க் கட்டி வேறு மாதிரி: ஓரத்தில் திட்டுத்திட்டாகத் தொடங்கி மெல்ல உள்ளே நிறையும்.

துண்டில் எது என்று புரியாவிட்டால், "டாக்டர், இது மூன்று கட்டமா?" என்று கேளுங்கள். தயங்க வேண்டாம்.

படி 2: போகுமுன்

கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட், பழைய ஸ்கேன்கள் இரண்டையும் எடுத்துப் போங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவர், முன்பு சாய மருந்து ஒத்துக்கொள்ளாதவர், கர்ப்பமாக இருக்கக்கூடியவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 3: மேசையில்

சாயம் ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும், சிறுநீர் போனது போல இருக்கும். பயப்பட வேண்டாம். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் அசையாமல் பிடியுங்கள். "ஹுஸ்ம அல்லகென இன்ன" என்று சிங்களத்தில் சொன்னாலும் அதேதான். தமனிக் கட்டம், அதாவது முதல் படம் எடுக்கும் நேரம், சில நொடிதான். அதில் மூச்சு விட்டால் சின்னக் கட்டி கலங்கிப் போகும்.

படி 4: படத்தைப் பார்க்கும்போது

பெருந்தமனி வெள்ளையாக மின்னி, மண்ணீரல் வரிவரியாகத் தெரிந்தால் அது தமனிக் கட்டம். ஈரல் ஒரே சீராக வெளுத்து, உள்ளே நாளங்கள் எல்லாம் நிறைந்திருந்தால் போர்ட்டல் கட்டம். சிறுநீரகத்தின் நடுவில் சாயம் தேங்கியிருந்தால் பிந்திய கட்டம்.

ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய புள்ளிகளில் சிடியால் முடிவு சொல்வது கடினம். அப்போது எம்ஆர்ஐ எழுதுவார்கள், அல்லது சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதனால் வரும்போது ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட பிலிமில் சில வெட்டுகள்தான் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கும் டாக்டருக்கு எல்லாமே தேவை.