கிராமத்துத் திகில் கதை எழுதுவது எப்படி: பேய்க்கு முன்னால் ஊர்க்கட்டு

சென்னையில் உட்கார்ந்து கிராமத்துத் திகில் கதை எழுதத் தொடங்குகிறவர்கள் முதலில் தேடுவது பேயை. கொலுசுச் சத்தம், மல்லிகை வாசம், பாழடைந்த வீடு. இதையெல்லாம் தி.நகர் அபார்ட்மெண்டிலும் வைத்துவிடலாம். கிராமம்தான் வேண்டும் என்றால் அங்கே மட்டும் இருக்கிற ஒன்று வேண்டும்: ஊரே கூடி ஒத்துக்கொண்ட ஒரு கட்டு, அதாவது கட்டுப்பாடு.

இதற்கு நல்ல பாடம் பழையனூர் நீலி கதை. முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைத் தேடி வருகிறாள் நீலி. கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகன் ஒருவனைக் காட்டி ‘இவர் என் புருஷன்’ என்று ஊர் வேளாளர் எழுபது பேரிடம் முறையிடுகிறாள். அவன் நடுங்கி மறுக்கிறான். உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து, அவனை அவளோடு அனுப்புகிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலி ஒருவனைத்தான் கொன்றாள். மற்ற எழுபது பேரைக் கொன்றது அவர்கள் கொடுத்த வாக்கு. சென்ட்ரலில் அரக்கோணம் ரயில் ஏறினால் திருவாலங்காட்டில் இறங்கிவிடலாம், பழையனூர் பக்கத்தில்தான். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

1. ஊர்க்கட்டை ஒரே வரியில் எழுதுங்கள்

அதற்குப் பக்கத்திலேயே காரணத்தையும் எழுதுங்கள். காரணம் நியாயமாக இருக்க வேண்டும்: மழை, பிள்ளைகள் நலம், மாட்டு நோய். ஊர்க்காரர்களைக் காட்டுமிராண்டிகளாக எழுதினால் கதை அங்கேயே செத்துவிடும். அவர்கள் நம் பெரியப்பா, அத்தை மாதிரி நல்லவர்கள் என்பதில்தான் பயமே இருக்கிறது.

2. வரைபடமும் காலண்டரும்

சார்ட் பேப்பரில் ஊரை வரையுங்கள். குளம், சுடுகாடு, எல்லைக்கல், பஸ் நிற்கும் இடம் இருந்தால் போதும். இதற்கு மொபைல் செயலி எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. கையால் வரைந்தால்தான் சுடுகாட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே எவ்வளவு இருட்டு என்பது மனதில் ஏறும். அப்புறம் கதை நடக்கும் ஆண்டின் தினசரி காலண்டரை எடுத்து அமாவாசை, பௌர்ணமியைக் குறித்துக்கொள்ளுங்கள். சுடுகாட்டில் நடக்கும் அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளை மாசி அமாவாசையை ஒட்டி வரும். அந்த இரவில் நிலா வெளிச்சம் என்று எழுதினால் விவரம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

3. கதாநாயகன் ஏன் கிளம்பிப் போகவில்லை?

என்னை அதிக நாள் நிறுத்தி வைத்த படி இதுதான். பயமாக இருந்தால் பஸ் ஏற வேண்டியதுதானே? பாலம் உடைந்தது, டவர் கிடைக்கவில்லை, வண்டி பஞ்சர் என்று எழுதிப் பார்த்தால் எல்லாம் வெளியிலிருந்து ஒட்டவைத்தது மாதிரியே இருக்கும். விடை ஊர் வழக்கத்திலேயே இருக்கிறது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்பது பல ஊர்களில் இன்றும் உண்டு. பகலில் எங்கே போனாலும் இரவுக்குத் திரும்பிவிட வேண்டும். யாரும் கதவைப் பூட்ட வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கட்டு ஊர்க்காரர்களுக்குத்தான். சென்னையிலிருந்து வந்தவனை எப்படிக் கட்டும்? இங்கேதான் தலைக்கட்டு வரி கைகொடுக்கிறது. கோயில் விழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். அதற்கு ஒரு நோட்டு இருக்கும். வரி கட்டுகிறவன் ஊர்க்காரன்.

உதாரணமாக இப்படி வைத்துக்கொள்வோம். நெல்லைப் பக்கம் ஒரு சிற்றூர், 2003 ஆவணி. சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்த ஒருவன், செத்துப்போன அப்பா பேரில் இருக்கும் நிலத்தை விற்க முதல்முறையாக வருகிறான். கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, காப்புக் கட்டியாயிற்று. நோட்டில் அப்பாவின் பெயர் வருஷா வருஷம் இருக்கிறது, வரியும் கட்டப்பட்டிருக்கிறது. அப்பா ஊர்ப் பக்கமே வந்ததில்லை. அப்படியானால் கட்டியது யார்? போன வருஷத்திலிருந்து அந்த இடத்தில் இவன் பெயர்.

2003-ஐ எடுத்ததற்கும் காரணம் உண்டு. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்த அந்த ஆண்டுதான் அரசு உத்தரவிட்டது. 2004-இல் சட்டமே ரத்தாகிவிட்டது. ஆக, கிடா வெட்ட முடியாமல் ஊர் தவித்த ஒரே ஒரு கொடை உங்கள் கையில் இருக்கிறது. சாமிக்குச் சொன்ன வாக்கு என்னவாகும் என்று கதையில் யாரும் வாய்விட்டுக் கேட்கத் தேவையில்லை.

4. பேச்சு

எல்லா ஊரையும் சினிமா மதுரைத் தமிழில் பேச வைக்காதீர்கள். உங்கள் அம்மா அல்லது அப்பா ஊர்ப் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பாதி வீடுகளில் அப்படிப் பேச ஒரு பாட்டி இருப்பார். அனுமதி கேட்டு மொபைலில் பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேளுங்கள். மிரட்டல் வசனம் ஒன்றுகூட வேண்டாம். “இருந்து கொடையப் பாத்துட்டுப் போலாம்லா தம்பி, வரி கட்டுன பிள்ள” என்று ஒரு ஆச்சி இலை போட்டுக்கொண்டே சொன்னால் போதும்.

5. உச்சம்

நெல்லைக் கொடையில் வில்லுப்பாட்டு உண்டு. சாமியின் பிறப்பும் பாடுகளும் பாட்டில் வரும், கதை சூடேறும் இடத்தில் சாமியாடிக்கு அருள் வரும். சுடலைமாடன் கோயில்களில் சாமியாடி நள்ளிரவில் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவதும் உண்டு. அந்த வேட்டையை நேரில் காட்டாதீர்கள். வீட்டுக்குள் இருக்கிறவன் காதில் விழுவதை மட்டும் எழுதுங்கள். மேளம் நிற்கும் நொடியில் அத்தியாயத்தை முடித்துவிடலாம்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

குலதெய்வத்தின் பெயரை அப்படியே போடலாமா? வேண்டாம். அது யாரோ ஒருவர் பிள்ளைக்கு முதல் முடி இறக்கிய சந்நிதி. நாட்டார் தெய்வப் பெயர்களில் பல மரம், கரை, மேடு என்று இருக்கும் இடத்தை ஒட்டி வருபவை. உங்கள் வரைபடத்தைப் பார்த்து நீங்களே ஒரு பெயர் வையுங்கள். அப்படி ஒரு கோயில் அந்த மாவட்டத்தில் இருக்கிறதா என்றும் விசாரித்துவிடுங்கள். ஊர்ப் பெயருக்கும் இதேதான்.

கதை இந்தக் காலத்தில் நடக்கிறது, கையில் மொபைல் இருக்கிறதே? இருக்கட்டும், சிக்னலும் முழுசாக இருக்கட்டும். அவன் சென்னையில் இருக்கும் சித்தப்பாவைக் கூப்பிடட்டும். சித்தப்பா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஊர்ல சொல்றபடி கேட்டுக்கோப்பா, நான் இந்த வருஷ வரிய அனுப்பிட்டேன்” என்று சொல்லட்டும்.