லீ-என்ஃபீல்டு எந்த ஊர்ப் பிள்ளை? ஒரு துப்பாக்கியின் பிறந்த ஊரைத் தேடும் செய்முறை

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் நம்மில் பலருக்கு ஒரே சொல்லில் பதில் வராது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் பிறந்தது அம்மாவின் ஊர். சொந்த ஊர் அப்பா வழியில் வேறு. படித்து வளர்ந்தது இன்னோர் ஊர். பிழைப்பு நான்காவது ஊரில். ஒரு துப்பாக்கியின் ஊரைத் தேடும்போதும் இதே கேள்விதான் எழும். பலர் முதலில் கிடைத்த ஊர்ப்பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நம் ஊர்க் காவல் நிலைய வாசலில் பாரா நின்ற காவலரின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய 'த்ரீ நாட் த்ரீ'யை வைத்தே இந்தச் செய்முறையைச் சொல்கிறேன். அதன் முறையான பெயர் லீ-என்ஃபீல்டு. குழலின் துளை 0.303 அங்குலம் என்பதால் அந்தச் செல்லப்பெயர்.

தேவையானவை: இணைய இணைப்பு, ஒரு நோட்டு, நாலைந்து மாலைப் பொழுதுகள். துப்பாக்கி தேவையில்லை. இந்தியாவில் .303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட துளை அளவு. அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையும் தெளிவான புகைப்படங்களும் நமக்குப் போதும்.

படி 1: தேடுவது எந்தத் துப்பாக்கி என்று முடிவு செய்யுங்கள்

'என்ஃபீல்டு துப்பாக்கி' என்று தேடினால் முதலில் 1857 வந்து நிற்கும். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அது வேறு துப்பாக்கி. 1853ஆம் ஆண்டு மாதிரி, துளை 0.577 அங்குலம். தாள் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இடித்து இறக்க வேண்டும். அந்தக் கலகம் வெடித்தபோது நம் துப்பாக்கியின் தந்தையான ஜேம்ஸ் பாரிஸ் லீ இருபத்தைந்து வயது கடிகாரத் தொழிலாளி.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. என்ஃபீல்டு என்றதும் புல்லட் வண்டிதான் நினைவுக்கு வரும். அந்தத் தொடர்பு உண்மையானதுதான், ஆனால் திசை வேறு. இங்கிலாந்தின் ரெடிட்சில் இருந்த சைக்கிள் நிறுவனம் 1890களில் என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கி ஆலைக்கு உதிரிபாகங்கள் செய்துகொடுத்தது. அந்த ஆர்டரின் பெருமையில் 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயரை எடுத்துக்கொண்டது. 1955இல் அந்தப் பெயர் மெட்ராசுக்கு வந்து சேர்ந்தது. துப்பாக்கி ஆலையின் பெயர்தான் வண்டிக்குப் போனதே தவிர, வண்டியின் பெயர் துப்பாக்கிக்கு வரவில்லை.

படி 2: பெயரைப் பிரித்துப் பாருங்கள்

லீ ஓர் ஆள். என்ஃபீல்டு ஓர் இடம், லண்டனுக்கு வடக்கே. அங்கே 1816 முதல் 1988 வரை அரசின் துப்பாக்கி ஆலை இயங்கியது. இன்று அது குடியிருப்புப் பகுதி. ஆலையை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயரும் 'லீ' என்றே ஒலிக்கும். இதைப் பார்த்து 'லீ ஆற்றங்கரை என்ஃபீல்டு, அதுதான் பெயர்க்காரணம்' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது தற்செயல்.

அப்படியானால் என்ஃபீல்டில் செய்யப்பட்டதால்தான் என்ஃபீல்டு என்று வைத்தார்களா? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1888இல் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி பின்னாளில் லீ-மெட்ஃபோர்டு என்று அழைக்கப்பட்டது. அதே லீயின் இயக்கமுறை, அதே என்ஃபீல்டு ஆலை. பெயரில் மட்டும் என்ஃபீல்டு இல்லை. காரணம், பெயரின் பின்பாதி ஆலையைக் குறிக்கவில்லை. குழலின் உட்சுவரில் திருகு போல ஓடும் பள்ளங்களின் வடிவத்தைக் குறித்தது. வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டு அமைத்தவை ஆழமற்ற, விளிம்பு மழுங்கிய பள்ளங்கள். கருமருந்து எரிந்து விடும் கசடு அவற்றில் எளிதில் தங்காது. பிறகு புகையில்லாத கார்டைட் மருந்து வந்தது. அதன் சூடு அந்த மேலோட்டமான பள்ளங்களைச் சீக்கிரமே அரித்தது. என்ஃபீல்டு ஆலையில் ஆழமான ஐந்து பள்ளங்கள் கொண்ட வடிவத்தை உருவாக்கினார்கள். 1895இல் அந்தக் குழலோடு வந்தது லீ-என்ஃபீல்டு ஆனது.

இந்தச் சிறு விஷயம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பேன். பெயரில் ஓர் ஊர் இருக்கிறது என்பதால் முழுத் துப்பாக்கியும் அந்த ஊரில் பிறந்ததாகாது. குழல் மட்டும்தான் அந்த ஊர்.

படி 3: உறுப்பு உறுப்பாக நோட்டில் எழுதுங்கள்

நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: உறுப்பு, யார், ஆண்டு, ஊர். குழலுக்கான வரியை இப்போதே நிரப்பிவிடலாம். பிறகு எந்த உறுப்பு இல்லாவிட்டால் இது இந்தத் துப்பாக்கியே அல்ல என்று கேளுங்கள். என் பதில், தோட்டாப்பெட்டி.

அந்தக் காலத்தில் பல தோட்டாக்களை அடைக்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலும் குழலுக்கு அடியில் ஒரு நீண்ட குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் முனை முன்னால் இருப்பதன் அடியில் இடித்துக்கொண்டிருக்கும். அந்த அடியில்தான் தட்டினால் வெடிக்கும் மூடி இருக்கிறது. முனை கூரான குண்டை அதில் போடுவது ஆபத்து. சுடச்சுடக் குழாய் காலியாகித் துப்பாக்கியின் எடைநிலையும் மாறும்.

லீ தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். போல்ட்டுக்கு நேர் கீழே ஒரு தகரப் பெட்டி, அதன் அடியில் ஒரு வில் (ஸ்பிரிங்). கதவுத் தாழ்ப்பாள் போலப் போல்ட்டைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் வில் அடுத்த தோட்டாவை மேலே தள்ளும். போல்ட்டை முன்னுக்குத் தள்ளினால் அது குழலுக்குள் போகும். பெட்டியைத் தனியே கழற்றவும் முடியும். இன்றைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை சுமப்பது இந்த யோசனையைத்தான். எனவே 'பிறந்த ஊர்' என்ற கேள்வியை இந்தப் பெட்டியைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

படி 4: காப்புரிமை ஆவணத்தைத் திறங்கள்

கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் அமெரிக்கக் காப்புரிமை எண் 221,328 என்று தேடுங்கள். 1879 நவம்பர் 4 தேதியிட்ட லீயின் ஆவணம் வரும், கட்டணம் எதுவும் இல்லை. எழுத்தைப் படிக்கும் முன் படங்களை நிதானமாகப் பாருங்கள். போல்ட்டுக்குக் கீழே பெட்டியும் அதற்குள் வில்லும் தெரியும். காவல் நிலையத்தில் நாம் பார்த்த துப்பாக்கியின் முகச்சாயல் அந்தப் பழைய கோட்டோவியத்தில் இருப்பதை முதன்முறை கண்டபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

தொடக்கநிலையில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. காப்புரிமைகளின் முதல் வரியில் கண்டுபிடித்தவர் எந்த ஊர்க்காரர் என்று இருக்கும். விண்ணப்பித்தபோது அவர் குடியிருந்த ஊர் அது. பட்டறை வேறெங்காவது இருந்திருக்கலாம். நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

படி 5: உலோகத்தில் பொறித்ததைப் படியுங்கள்

லீயின் 1879 மாதிரியின் உடற்பகுதியில் 'லீ ஆர்ம்ஸ் கம்பெனி, பிரிட்ஜ்போர்ட், கனெக்டிகட்' என்றும், காப்புரிமைத் தேதியும் பொறித்திருக்கும். அமெரிக்கக் கடற்படை 300 துப்பாக்கிகள் கேட்டது. அதே பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த ஷார்ப்ஸ் ஆலையில் வேலை தொடங்கியது. அந்த ஆலை நொடித்துப்போக, நியூயார்க் மாநிலத்து இலியனில் இருந்த ரெமிங்டன் ஆலை வேலையை முடித்தது. ஆகவே பொறிப்பில் உள்ள ஊரும் செய்த ஊரும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

303இல் பொறிப்பைப் பார்க்க, வலப்பக்கம் போல்ட் கைப்பிடி மடிந்து படியும் இடத்துக்குக் கீழே உள்ள இரும்புப் பட்டையைத் தேடுங்கள். கிரீடம், அரசரின் எழுத்துகள், ஆலை, ஆண்டு, மாதிரி என்று வரிசையாக இருக்கும். 'என்ஃபீல்டு' என்றும் இருக்கலாம், பர்மிங்காமின் 'பி.எஸ்.ஏ.' என்றும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் செய்தது என்றால் 'லித்கோ'. நம் நாட்டில் அதிகம் கண்ணில் படுவது வங்காளத்தின் 'இஷாப்பூர்'. சுதந்திரத்துக்குப் பின் செய்தவற்றில் கிரீடத்தின் இடத்தில் அசோகச் சிங்கங்கள் இருக்கும். 1960களில் இஷாப்பூர் இதே வடிவத்தை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றியும் செய்தது. இவையெல்லாம் ஒரு தனித் துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ்கள். வடிவமைப்பின் சான்றிதழ் ஆகாது.

படி 6: ஆளின் தடத்தை வரைபடத்தில் குறியுங்கள்

லீ பிறந்தது 1831இல், ஸ்காட்லாந்தின் ஹாயிக். சிறுவயதிலேயே குடும்பம் கனடாவின் ஒன்டாரியோவில் கால்ட் என்ற ஊருக்குப் போனது. அப்பாவிடம் கடிகாரத் தொழில் கற்றார். பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்டீவன்ஸ் பாயின்ட். துப்பாக்கிக்கான அவருடைய முதல் காப்புரிமை 1862இலேயே வந்துவிட்டது. 1865இல் மில்வாக்கியில் கம்பெனி தொடங்கி ராணுவத்துக்கு 1,000 சிறு துப்பாக்கிகள் செய்ய ஒப்பந்தம் பெற்றார். துளை அளவு பற்றிய தகராறில் ராணுவம் அவற்றை ஏற்கவில்லை. பிறகு நியூயார்க், கனெக்டிகட். 1904இல் கனெக்டிகட்டின் ஷார்ட் பீச்சில் காலமானார்.

இந்தத் தடத்தில் வாலஸ்பர்க் என்ற ஒன்டாரியோ ஊரையும் சேருங்கள். லீயின் சகோதரர் ஜான் அங்கே இருந்தார். இந்தத் துப்பாக்கியின் முதல் மாதிரி தங்கள் ஊரில்தான் உருவானது என்பது அந்த ஊர்க்காரர்களின் பெருமை. இப்படிப்பட்ட ஊர்வழக்கைக் கண்டதும் தள்ளிவிடாதீர்கள், அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த ஆண்டில் அவர் அங்கே இருந்ததற்குத் தாளில் ஏதாவது உண்டா? இரும்பு வேலைக்கு அங்கே பட்டறை இருந்ததா? சொல்லப்படும் மாதிரி தோட்டாப்பெட்டி வைத்ததா, முந்தைய வேறொன்றா? அந்த ஊரின் பழைய நாளிதழ்கள், மக்கள்தொகைக் கணக்குப் பதிவுகள், உள்ளூர் அருங்காட்சியகம் ஆகிய மூன்றும்தான் இதற்கு வழி. அருங்காட்சியகத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பத்துக் கேள்விகள் கேட்டால் பதில் வராது.

படி 7: தீர்ப்பை எழுதுங்கள்

ஒவ்வொரு வரிக்கும் சான்றின் எடையைப் போடுங்கள். அக்காலத்து ஆவணமும் உலோகப் பொறிப்பும் ஒத்துப்போனால் மூன்று புள்ளி. ஆவணம் மட்டும் என்றால் இரண்டு. பின்னாளில் சொல்லப்பட்டது ஒன்று.

என் நோட்டில் பிரிட்ஜ்போர்ட்டுக்கு மூன்று புள்ளி. வாலஸ்பர்க்குக்கு ஒன்று. ஒரு பழைய கடிதம் கிடைத்தால் அது ஏறலாம், அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன். என்ஃபீல்டு இந்தத் துப்பாக்கிக்குப் புகுந்த வீடு. பெயர் கொடுத்தது, குழல் கொடுத்தது, வாழவைத்தது. பிறந்த வீடு அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம்.

பழகிப் பார்க்க அடுத்து ஏ.கே.47ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஊர்களை மட்டும் தருகிறேன்: கலாஷ்னிகோவ் 1919இல் பிறந்த அல்தாய்ப் பகுதிக் கிராமம் குர்யா, காயம்பட்ட வீரராக முதல் துப்பாக்கியைச் செய்துபார்த்த கஜகஸ்தானின் மத்தாய் ரயில்வே பட்டறை, ஏ.கே. மாதிரிகள் உருவான கோவ்ரோவ், பெருமளவில் செய்த இஷெவ்ஸ்க். நோட்டில் நான்கு பத்திகள் போட்டு, இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.