எண்ணை எழுதும் முன் விதையை எண்ணுங்கள்

இருபத்தாறு வருடம் விதைப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து முளைகளை எண்ணியவள் நான். இப்போது, தங்களுக்குள்ளேயே விதை உற்பத்தி செய்து பகிர்ந்துகொள்ளும் விவசாயிகள் குழுக்கள் கூப்பிட்டால் போய்ப் பேசுகிறேன். எல்லாக் குழுவும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "முளைப்புத் திறன் எத்தனை சதவீதம் என்று போடலாம்? எண்பதா, தொண்ணூறா?"

நான் பதில் சொல்வதில்லை. "போன தடவை விதை உங்களை எதில் ஏமாற்றியது?" என்று திருப்பிக் கேட்பேன். ஒருவர் பாதி முளைக்கவில்லை என்பார். இன்னொருவர், முளைத்தது, ஆனால் பூக்கும் சமயத்தில் வயல் மூன்று மட்டத்தில் நின்றது என்பார். மூன்றாமவர், அதுவரை தன் நிலத்தில் இல்லாத களை வந்து குடியேறிவிட்டது என்பார். முதலாவது முளைப்புத் திறன், இரண்டாவது இனத்தூய்மை, மூன்றாவது புறத்தூய்மை. மூன்றுக்கும் சோதனை வேறு, சோதிக்கும் காலமும் வேறு. உங்கள் தர அளவு இந்தப் புகார்களிலிருந்துதான் பிறக்க வேண்டும். விற்பனைக்குப் போகும் விதை என்றால் அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவே முடியாது, அது தனி. அதற்கு மேல் நீங்களாக எழுதிக்கொள்ளும் எண்ணைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எல்லாக் குறையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். விதையில் 2 சதவீதம் பதரும் தூசியும் இருந்தால் எடையில் கொஞ்சம் நஷ்டம், அவ்வளவுதான். களைநெல் அப்படியில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் மணி 25 கிராம் எடையுள்ள நெல் என்றால் ஒரு கிலோவில் 40,000 மணி. அதில் பத்து மணி களைநெல் இருந்தால் 0.025 சதவீதம். காகிதத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் 40 கிலோ விதைத்தால் 400 களைநெல்லை உங்கள் கையாலேயே விதைத்துவிட்டீர்கள். அது அறுவடைக்கு முன்பே உதிரும், மண்ணுக்குள் வருடக்கணக்கில் உறங்கிக் கிடந்து முளைக்கும். அதனால் தூசிக்குச் சதவீதத்தில் அளவு வையுங்கள், கொஞ்சம் தாராளமாகவே. களை விதைக்குக் கிலோவுக்கு இத்தனை மணி என்று எண்ணிக்கையில் வையுங்கள். களைநெல்லுக்குப் பூஜ்யம் வைத்தாலும் தப்பில்லை.

மாதிரி எடுப்பது

கூடத்துக்கு வந்த தவறான முடிவுகளில் பாதி, மாதிரி எடுத்த கையில் நடந்த தவறு என்பது என் அனுபவம். மூட்டையின் வாயைப் பிரித்து மேலே ஒரு பிடி அள்ளி அனுப்புவார்கள். வண்டியில் குலுங்கி வந்த மூட்டையில் பதர் ஒரு பக்கம், கனமான மணி ஒரு பக்கம் என்று ஒதுங்கியிருக்கும். மேல் பிடி மூட்டையின் கதையைச் சொல்லாது.

1924ல் கேம்பிரிட்ஜில் தொடங்கப்பட்ட சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதிகளில் இதற்கு எளிய கணக்கு உண்டு. நாலு மூட்டை வரை இருந்தால் ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். ஐந்து முதல் எட்டு வரை என்றால் மூட்டைக்கு இரண்டு, ஒன்பது முதல் பதினைந்து வரை என்றால் மூட்டைக்கு ஒன்று. எடுத்ததையெல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே வந்து, கடைசியில் நிற்பதுதான் மாதிரி. புறத்தூய்மைக்குக் குறைந்தது 2,500 விதையாவது கையில் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கொட்டி, தட்டையான கத்தியால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பிரிக்க வேண்டும். அலுப்பான வேலைதான். பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தால் எண்ணிக்கை தப்பும், தனியாகச் செய்யுங்கள்.

முளைப்புச் சோதனை

நானூறு விதையை எண்ணி, நூறு நூறாக நாலு பங்கு வையுங்கள். பெரிய விதை, சின்ன விதை என்று பொறுக்கக் கூடாது, கைக்கு வருவதை அப்படியே எடுக்க வேண்டும். நனைத்துப் பிழிந்த துணியிலோ தடித்த தாளிலோ விதைகளை ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மேலே இன்னொரு ஈரத்தாள் போட்டு, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, நிமிர்த்தி வையுங்கள். தாளை விரலால் அழுத்தினால் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் விதைக்கு மூச்சு முட்டும். நெல்லுக்கு 5ஆம் நாள் ஒரு எண்ணிக்கை, 14ஆம் நாள் கடைசி எண்ணிக்கை. மக்காச்சோளத்துக்கு 4, 7.

சுருளைப் பிரித்ததும் வருகிற சண்டை எனக்கு மனப்பாடம். "அதுதான் முளைத்திருக்கிறதே, ஏன் ஒதுக்குகிறீர்கள்?" முளை எட்டிப் பார்ப்பது போதாது. ஒருமுறை உளுந்துச் சுருளைப் பிரித்தபோது வித்திலைகள் பச்சையாக விரிந்து அழகாகத்தான் இருந்தன. கையில் எடுத்துத் திருப்பினால் வேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புப் புள்ளி. கதிரடிக்கும் இயந்திரத்தில் அடிபட்ட விதை. தாளில் பத்து நாள் வாழும், மண்ணில் வாழாது. வேரும் குருத்தும் இரண்டும் முழுசாக இருந்தால்தான் இயல்பான நாற்று. முளைப்புத் திறன் என்பது இயல்பான நாற்றுகளின் எண்ணிக்கை மட்டும்.

முளைக்காததையும் அப்படியே தூக்கிப் போடாதீர்கள். இதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், அறுத்து இரண்டு வாரம்கூட ஆகாத நெல் ஒன்று வந்தது. நாற்பத்து மூன்றுதான் முளைத்தது. 'தேறவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். விளைவித்தவர் மொத்தத்தையும் அரிசிக்குப் போட்டுவிட்டார். மேசையில் மீந்திருந்த மாதிரியை ஆறு வாரம் கழித்து ஏதோ உறுத்தலில் மறுபடி போட்டேன். தொண்ணூற்று மூன்று. விதை செத்திருக்கவில்லை, உறங்கியிருந்தது. அன்றிலிருந்து முளைக்காத ஒவ்வொரு விதையையும் இடுக்கியால் அழுத்திப் பார்க்கிறேன். செத்தது கூழாக நசுங்கும், பூஞ்சை பூத்திருக்கும். உறங்குவது கெட்டியாக, சுத்தமாக இருக்கும். நெல்லின் உறக்கத்தைக் கலைக்க 50 டிகிரி உலர்ந்த சூட்டில் சில நாள் வைத்துவிட்டுச் சோதிப்பது வழக்கம். அந்த வசதி இல்லாவிட்டால் சில வாரம் பொறுத்து மறுபடி சோதியுங்கள். புது அறுவடை விதையை ஒரே சோதனையில் கழிக்கக் கூடாது என்று உங்கள் விதியிலேயே எழுதிவையுங்கள்.

சரி, இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். ஏன் நானூறு, நூறு போதாதா? உண்மையில் 85 சதவீதம் முளைக்கக்கூடிய விதையை நூறு நூறாகச் சோதித்தால், எடுத்த விதையின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து 78 வரலாம், 92ம் வரலாம். நானூறு போட்டால் இந்த ஊசலாட்டம் 81க்கும் 89க்கும் இடையில் அடங்கும். ஆகவே 80 என்று எல்லை வைத்துவிட்டு, நூறு விதைச் சோதனையில் 78 வந்த ஒருவரைத் திருப்பி அனுப்புவது அநியாயம். எல்லைக்குப் பக்கத்தில் வந்தால் மறுசோதனை, தெளிவாகக் கீழே போனால்தான் கழிப்பது. இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே குழுவுக்குள் பாதி மனஸ்தாபம் குறையும்.

முதல் எண்ணிக்கையையும் குறித்துவையுங்கள். இரண்டு குவியலும் கடைசியில் 88 முளைத்தாலும், ஒன்று 5ஆம் நாளே 80 காட்டி, மற்றது 50தான் காட்டினால், இரண்டாவதில் வீரியம் குறைவு. வயலில் மழை தவறினாலோ மண் இறுகினாலோ முதலில் மண்டையைப் போடுவது அதுதான்.

ஈரப்பதத்துக்கு மீட்டர் இல்லையென்றால் உப்பு போதும். நன்றாகக் காய்ந்த உப்பைக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு அளவுக்குப் போட்டு, மேலே விதையைப் பாதி வரை நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டால் ஆபத்தான ஈரம் இல்லை என்று அர்த்தம், சேமிப்புக்குத் தயார் என்று அர்த்தமில்லை. ஈரப்பதம் ஒரு சதவீதம் குறையும் ஒவ்வொரு முறையும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன விதி. 5 முதல் 14 சதவீதம் வரை இது பொருந்தும். இன்னும் ஒரு நாள் காயவைக்கலாமா என்று யோசிப்பவருக்கு இதைச் சொல்லுங்கள்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1869ல் ஜெர்மனியின் தாரண்ட் ஊரில் ஃபிரெட்ரிக் நோபே முதல் விதைப் பரிசோதனைக் கூடத்தைத் தொடங்கினார். அதே வருடம் பிரிட்டனில் விதைக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தடுத்தவற்றில் ஒன்று, விதையைக் 'கொல்வது'. மட்டமான விதையைச் சூடேற்றிக் கொன்று நல்ல விதையோடு கலப்பார்களாம். உயிரோடு கலந்தால் முளைத்துக் காட்டிக்கொடுத்துவிடும் இல்லையா!

ரகம் வேறு, விதை வேறு

மேம்பட்ட ரகம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஐஆர் 8 என்ற நெல் ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1966ல் வெளிவந்தது. குட்டையான தண்டு, உரம் போட்டாலும் சாயாது, கண்டுமுதல் அதுவரை பார்க்காத அளவு. ஆனால் மணியில் வெள்ளைப் பொட்டு, அரைத்தால் நொய், சமைத்து ஆறினால் விறைப்பு. விளைச்சலை மட்டும் அளந்தால் அரைக்கிறவரும் சமைக்கிறவரும் பிறகு வந்து மிச்சத்தைச் சொல்வார்கள்.

அதனால் புது ரகத்தைத் தேர்வு செய்ய நான் சொல்வது தாய்-சேய் முறை. ஆப்பிரிக்காவில் மலாவியில் பரவலாகக் கையாண்டு தேறிய வழி. ஒரு பொது வயலில் எல்லா ரகங்களையும், ஒவ்வொன்றையும் மூன்று இடத்திலாவது சிதறலாக நடுவது தாய். ஒவ்வொரு விவசாயியும் அதில் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துப் போய், தன் பழைய ரகத்துக்குப் பக்கத்தில், தன் பழக்கப்படியே வளர்ப்பது சேய். தாய் வயலில் எண்கள் கிடைக்கும், சேய் வயலில் உண்மை கிடைக்கும். பழைய ரகம் பக்கத்தில் இல்லாத சேய் வயலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே பட்டத்தில் முடிவெடுக்கவும் வேண்டாம், இரண்டு மூன்று பட்டம் பாருங்கள். வைக்கோலை மாடு தின்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

தேர்ந்த ரகத்தைத் தூய்மையாக வைத்திருப்பது அடுத்த வேலை. ஆயிரம் செடிக்கு ஒரு கலவன்தான், அதாவது வேற்று ரகச் செடிதான், இருக்கலாம் என்று எழுதினால், ஆயிரம் செடியைப் பார்த்தால் போதாது. நாலு மடங்கு, அதாவது நாலாயிரம் செடியைப் பார்க்க வேண்டும். பூக்கும் சமயத்தில் காலை வெயிலில் வயலின் ஓரத்திலிருந்து கதிர் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள், உயரம் தப்பிய செடி தானாகக் கண்ணில் குத்தும். கலவனை அறுக்காதீர்கள், தூர் திரும்பத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே கொண்டுபோங்கள்.

நெல் போன்ற தன் மகரந்தப் பயிரில், பெரிய கதிராகப் பொறுக்கிக்கொண்டே வந்தால் ரகம் மேம்படும் என்று நம்பிப் பல வருடம் உழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டென்மார்க்கின் தாவரவியலாளர் ஜோஹான்சன் 1903லேயே பீன்ஸில் காட்டிவிட்டார்: ஒரே தூய வழியில், அதாவது தன் மகரந்தத்தாலேயே காய்த்த ஒரே செடியின் வம்சத்தில், வந்த பெரிய விதையும் சிறிய விதையும் ஒரே சராசரி அளவுள்ள பிள்ளைகளைத்தான் தரும். அந்தக் கதிர் பெரிதானது எருக்குவியல் பக்கத்தில் நின்றதால் இருக்கலாம். பொறுக்குவதை வேறு மாதிரி செய்யுங்கள். ரகத்தின் குணம் மாறாத இருநூறு கதிரை எடுத்து, கதிருக்கு ஒரு வரிசையாகத் தனித்தனியே நடுங்கள். ஒரே ஒரு செடி விலகி நின்றாலும் அந்த வரிசை முழுவதையும் தூக்கிவிடுங்கள். மிச்ச வரிசைகளைச் சேர்த்து அடித்தால் அடுத்த சுற்றுக்கான தாய் விதை.

கடைசியாக, ஒவ்வொரு குவியலிலும் அரைக் கிலோ காப்பு மாதிரி எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் தேதியும் குவியல் எண்ணும் எழுதி, விதை கொடுத்தவர், வாங்கியவர் இருவரின் கையெழுத்தோடு மூடிவையுங்கள். அந்த விதையில் விளைந்தது அறுவடையாகும் வரை அதைத் திறக்க வேண்டாம். யாராவது வந்து "நீங்கள் கொடுத்தது முளைக்கவில்லை" என்று சொன்னால் மட்டும், அவர் கண் முன்னாலேயே திறந்து நானூறு எண்ணுங்கள்.