64 கட்டங்களின் நெல்மணிகள்: ஒரு பேரெண்ணைக் கையால் பிரிக்கும் வழி

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகள், சதுரங்கப் பலகைக் கதையைக் கேட்டுவிட்டுக் கால்குலேட்டரோடு உட்கார்ந்தாள். முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் 2, பிறகு 4 என்று இரட்டித்து, 64 கட்டங்களையும் கூட்டினால் எவ்வளவு? முன் இலக்கங்கள் சில தெரிந்தன. வால் பகுதியைக் காணோம். எனக்கு அந்த வால் வேண்டும். முழு எண் இதோ:

1,84,46,74,40,73,70,95,51,615.

கடைசி இலக்கம் 5. எனவே 5-ஆல் வகுபடும். இலக்கங்களின் கூடுதல் 87. 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. இதற்கு மேல் 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போகாதீர்கள். பேரெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது, "நீ எப்படிப் பிறந்தாய்?" என்பதுதான்.

1 + 2 = 3, 1 + 2 + 4 = 7; கூடுதல் எப்போதும் அடுத்த கட்டத்தின் எண்ணைவிட ஒன்று குறைவு. 64 கட்டங்களுக்கு இது 2⁶⁴ − 1. இரு வர்க்கங்களின் வித்தியாசம்! ஆகவே (2³² + 1) × (2³² − 1). இரண்டாவது பகுதியும் அதே வகை, மறுபடி பிரியுங்கள். பிரித்துக்கொண்டே போனால், 3 × 5 × 17 × 257 × 65,537 × 4,29,49,67,297 என்று நிற்கும். ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை.

முதல் ஐந்தும் பகா எண்கள். கடைசி எண்ணும் பகா எண் என்றே 17ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அதை உடைத்தார். அதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரும். ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடுகிறது: 641 × 67,00,417.

பெருக்கிப் பார்க்காமலும் இதை உறுதி செய்யலாம். எனக்கு மிகப் பிடித்த இடம் இது. 641 என்பது 5 × 2⁷ + 1. ஆகவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1, அதாவது முழுதாக வகுபட ஒன்று குறைகிறது. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. ஆனால் 641 என்பது 625 + 16, அதாவது 5⁴ + 2⁴ கூட. எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ வைக்கலாம். இப்போது −2³²-க்கு மீதி 1. அப்படியானால் 2³² + 1-க்கு மீதி 0. தாளில் இதை நீங்களே எழுதிப் பாருங்கள், படித்தால் மட்டும் போதாது.

67,00,417-உம் பகா எண்தான். ஆக, நம் முழு எண்ணுக்கு வெவ்வேறான ஏழு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், அல்லது விடலாம்; எனவே வகுஎண்கள் 2⁷ = 128. பட்டியல் போட விரும்பினால் 641 இல்லாதவற்றை முதலில் எழுதுங்கள். அவை 64 வரும். ஒவ்வொன்றையும் 641-ஆல் பெருக்கினால் மற்ற 64-உம் கிடைத்துவிடும்.