வேர்டில் கிடக்கும் தமிழ்ப் புத்தகத்தை மார்க்டவுனுக்குக் கொண்டுவருவது எப்படி

வேர்டில் ஒரு வரியைத் தடிமனாக்கி, அளவை 16க்கு ஏற்றி, நடுவில் நிறுத்தினால் கண்ணுக்கு அது அத்தியாயத் தலைப்பு. கோப்பைப் பொறுத்தவரை அது வெறும் தடித்த பத்தி. அதனால்தான் பொருளடக்கம் போடச் சொன்னால் வேர்டு கையை விரிக்கிறது. மார்க்டவுன் என்பது சாதாரண எழுத்துக் கோப்பில் சில குறிகளைப் போட்டு எது தலைப்பு, எது பட்டியல் என்று சொல்லும் முறை. அதில் அந்த வரிக்கு முன்னால் # போட்டு ஒரு இடைவெளி விட்டால் போதும், 'இது தலைப்பு' என்பது கோப்பிலேயே பதிவாகிவிடும். எந்த எழுத்துரு, எவ்வளவு பெரிது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

தோற்றத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பாமினி எழுத்துருவைவிட நல்ல உதாரணம் இல்லை. அதில் 'தமிழ்' என்று தட்டினால் கோப்பில் உட்காருவது ஆங்கில எழுத்துகள் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஒரு அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி! எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழே இல்லை. எனவே முதல் வேலை, எல்லாக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றுவது. பாமினி எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து யூனிகோடு மாற்றிக் கருவியில் போடுங்கள். கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் போட்டால் நடுவே இருக்கும் ஆங்கிலப் பெயர்களும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். மார்க்டவுன் குறிகளையும் இந்தக் கட்டத்தில் போடாதீர்கள். பாமினியில் திறக்கும் சதுர அடைப்புக்குறி 'ஜ' என்ற எழுத்து. மாற்றி அதையும் விடாது.

அடுத்து, வேர்டிலேயே சுத்தம் செய்ய வேண்டும். மூலக் கோப்பைப் பிரதி எடுத்துவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒளிந்திருக்கும் பத்திக் குறி, டேப், இடைவெளி எல்லாம் தெரியும். பக்கத்தைத் தள்ள எத்தனை முறை என்டர் தட்டியிருக்கிறோம் என்பதும் அப்போதுதான் தெரியும். தேடி மாற்றும் பெட்டியில், சிறப்புக் குறிகள் பட்டியலிலிருந்து பத்திக் குறி இரண்டைத் தேடி ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள். மாற்றங்கள் பூஜ்யம் என்று வரும்வரை திரும்பத் திரும்ப.

போலித் தலைப்புகளையும் அதே பெட்டியில் பிடிக்கலாம். தேடும் கட்டத்தில் எழுத்து எதுவும் தட்டாமல், வடிவமைப்பில் தடிமனும் அளவு 16ம் தேர்ந்தெடுங்கள். மாற்றும் கட்டத்தில் 'ஹெடிங் 1' பாணியைக் கொடுங்கள். இதைச் செய்யாமல், கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாண்டாக் மென்பொருளில் போட்டால் கிடைப்பது இதுதான்:

**அத்தியாயம் 3: மழைக்காலம்**

செய்துவிட்டுப் போட்டால்:

# அத்தியாயம் 3: மழைக்காலம்

முதலாவதைப் பொருளடக்கம் கண்டுகொள்ளாது, இரண்டாவதைக் கண்டுகொள்ளும். எழுத்து அளவு, நடுநிறுத்தம், நிறம் மூன்றையும் பாண்டாக் வழியிலேயே உதறிவிடும். மேற்கோள்களை நீல நிறத்தில் மட்டும் அடையாளம் வைத்திருந்தால், மாற்றிய பிறகு எது மேற்கோள் என்றே தெரியாது. முன்கூட்டியே அவற்றுக்கு மேற்கோள் பாணி கொடுத்துவிடுங்கள்.

பாண்டாக்கை ஓட்டும்போது இரண்டு தேர்வுகளை மறக்க வேண்டாம். ஒன்று, படங்களைப் பிரித்துப் போட ஒரு கோப்புறையின் பெயர். இன்னொன்று, வரி மடிப்பு வேண்டாம் என்பது. சொல்லாவிட்டால் 72 எழுத்துக்கு ஒருமுறை வரியை உடைக்கும். பிறகு ஒரு சொல்லைத் திருத்தி மறுபடி மடித்தால் பத்தி முழுவதும் மாறியதாக, மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் மென்பொருள் காட்டும். கிட் வரி வரியாகத்தான் ஒப்பிடுகிறது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதும் பழக்கம் இதற்கு மிகவும் வசதி. ஒற்றை என்டரைச் சாதாரண உரைநடையில் மார்க்டவுன் பொதுவாக இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளும்.

இனி குறிகள். 2004இல் ஜான் க்ரூபர் மார்க்டவுனை வெளியிட்டபோது பல இடங்களில் விதி துல்லியமாக இல்லை. ஆளாளுக்கு ஒரு மாதிரி செய்தார்கள். 2014இல் காமன்மார்க் என்ற பொது விதித்தொகுப்பு வந்து வரையறுத்தது. அப்படியும் பாண்டாக்குக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு: பட்டியலுக்கு முன்னும் தலைப்புக்கு முன்னும் ஒரு வெற்று வரி வேண்டும். எப்போதும் விட்டுவிடுங்கள், எந்தக் கருவியிலும் கெடுதல் இல்லை.

தமிழில் அதிகம் வம்பு செய்வது, சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரமாகப் போடும் தடிமன் குறிதான். காரணம் நம் வேற்றுமை உருபுகள். சொல்லோடு ஒட்டி வருபவை அவை. **மதுரை**யில் என்று எழுதினால் சரியாக வரும். ஆனால் **(2004)**இல் என்று எழுதிப் பாருங்கள், காமன்மார்க்கில் நட்சத்திரங்கள் அப்படியே அச்சாகும். மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால் அதை மூடும் குறியாக ஏற்காது என்பது விதி. அடைப்புக்குறியை வெளியே தள்ளி (**2004**)இல் என்று எழுதினால் தீர்ந்தது. **"வணக்கம்"**என்று வகையறாவுக்கும் இதே மருந்து, அல்லது 'என்று' முன் ஒரு இடைவெளி. நட்சத்திரத்துக்குப் பதில் போடும் அடிக்கோட்டுக் குறி (_) சொல்லின் நடுவே வேலையே செய்யாது. தமிழுக்கு நட்சத்திரம் மட்டும் போதும்.

சாய்வெழுத்தை நம்பாதீர்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் கிடையாது. மென்பொருள் எழுத்தை வலுக்கட்டாயமாகச் சாய்க்கும், அல்லது ஒன்றும் செய்யாது. நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் போதும்.

பத்தியின் முதல் சொல்லை உள்ளே தள்ள நான்கு இடைவெளி தட்டும் பழக்கம் இருந்தால் இங்கே விட்டுவிட வேண்டும். நான்கு இடைவெளியில் தொடங்கும் பத்தியை மார்க்டவுன் நிரல் என்று நினைத்துப் பெட்டிக்குள் அடைக்கும். ஆண்டில் தொடங்கும் பத்தியும் அப்படித்தான்: '1956. அந்த ஆண்டு நவம்பரில்' என்று தொடங்கினால் எண்ணிட்ட பட்டியலின் 1956ஆம் உருப்படி ஆகிவிடும். 1956\. என்று புள்ளிக்கு முன் சாய்கோடு போடுங்கள். கவிதைக்குப் பாண்டாக்கில் ஒவ்வொரு வரியின் முன்னும் | போட்டு ஒரு இடைவெளி விட்டால் வரி முறிவும், வரித் தொடக்கத்தில் விட்ட இடமும் அப்படியே நிற்கும்.

அட்டவணைக்கும் அதே நெடுங்கோடுதான். நெடுவரிசைகளை இடைவெளி தட்டி நேராக நிறுத்த மெனக்கெட வேண்டாம். 'ணௌ'வும் 'ர'வும் ஒரே அகலம் இல்லை, திரையில் நேராக வரவே வராது. கோடுகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். கட்டங்களை இணைத்த பெரிய அட்டவணை என்றால் அதை மட்டும் வேர்டிலேயே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

புத்தகத்தில் நிரல் துணுக்குகள் இருந்தால் அவற்றை வேர்டிலிருந்து எடுக்காதீர்கள், மூல நிரல் கோப்பிலிருந்து எடுங்கள். வேர்டு நேர் மேற்கோள் குறியை வளைந்த குறியாகத் தானே மாற்றிவிடும். பைத்தான் அதைப் பார்த்ததும் செல்லாத எழுத்து என்று நின்றுவிடும். இரட்டைக் கழித்தல் குறி நீண்ட கோடாகியிருந்தால் கட்டளை வரியில் கொடுக்கும் தேர்வுகளும் செத்தன. துணுக்கை மேலும் கீழும் ``` வரிகளுக்கு நடுவே வையுங்கள். பைத்தானில் வரித் தொடக்க இடைவெளியே பொருள், நிரலைக் கட்டியெழுப்பும் கட்டளைகள் உள்ள மேக்ஃபைலில் கட்டளை வரிக்கு முன் டேப் இல்லாவிட்டால் ஓடாது. அங்கே மட்டும் தோற்றமும் அர்த்தமும் ஒன்றுதான், ஒரு இடைவெளியைக்கூட அழகுக்காக நகர்த்தக் கூடாது.

பிடிஎஃப் எடுக்கும்போது தமிழ் வராமல் போவது பலருக்கும் நடக்கும். பாண்டாக் இயல்பாக அழைக்கும் பிடிஎஃப்லேட்டெக் என்ற அச்சுக்கோப்பு இயந்திரம் தமிழுக்கு ஆகாது. இயந்திரத்தை சீலேட்டெக் அல்லது லுவாலேட்டெக் என்று மாற்றி, முதன்மை எழுத்துருவாக 'நோட்டோ செரிஃப் தமிழ்' போன்ற ஒன்றைக் கொடுங்கள். இயந்திரத்தை மாற்றிவிட்டு எழுத்துருவை மறந்தால், கோப்பு உருவாகும், எழுத்துகள் காணாமல் போயிருக்கும். வேர்டு கோப்பாக வேண்டுமென்றால், பாணிகளைத் திருத்திய மாதிரிக் கோப்பு ஒன்றைக் காட்டினால் அந்தத் தோற்றத்தில் வரும்.

பதிப்பாசிரியர் பெரும்பாலும் வேர்டில்தான் திருத்தித் தருவார், திருத்தத் தடங்களோடு. அதை அப்படியே திரும்பப் பாண்டாக்கில் போட்டால், எல்லாத் திருத்தங்களையும் கேட்காமல் ஏற்றுக்கொண்டு ஓரக் குறிப்புகளைத் தூக்கிப் போட்டுவிடும். திருத்தத் தடத்துக்கான தேர்வில் 'எல்லாம்' என்று கொடுங்கள். சேர்த்தது, நீக்கியது, கேட்ட கேள்வி எல்லாம் குறிகளாக வந்து நிற்கும்.