ஹைட்ரோஸ் கொண்டு பட்டு நூலை வெளுக்கும் முறை: முதன்முறை செய்வோருக்கான விளக்கம்

ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் வெளுப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருபவை ப்ளீச்சிங் பவுடரும் பெராக்சைடும்தான். இரண்டுமே நிறத்தைத் தரும் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைப்பவை. பருத்தி நூலுக்கும் பனியன் துணிக்கும் அவை பொருந்துவதால், பட்டறையில் பழகிய கைகள் எல்லா நாருக்கும் அவற்றையே தேடுகின்றன. ஆனால் பட்டும் கம்பளியும் புரத நார்கள். ப்ளீச்சிங் பவுடரிலுள்ள குளோரின் அவற்றின் புரதத்தையே தாக்கி, நூலை மஞ்சளாக்கி, இழையின் வலுவையும் குறைத்துவிடும். இத்தகைய நார்களுக்கு, ஆக்சிஜனேற்றத்துக்கு நேர்மாறாகச் செயல்படும் ஒடுக்க வகை வெளுப்பான் ஒன்று பொருந்தும். நம் சாயப்பட்டறைகளில் ஹைட்ரோஸ் என்று அழைக்கப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட் அந்த வகையைச் சேர்ந்தது.

இது நிறப்பொருளை உடைத்து அழிப்பதைவிட, அதன் அமைப்பை மாற்றி நிறமற்றதாக்குகிறது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அவுரி நீலத் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அந்தத் தொட்டியில் ஹைட்ரோஸ் போட்டவுடன் நீலம் மறைந்து நீர் மஞ்சட்பச்சையாகிறது. நூலை வெளியே எடுத்துக் காற்றில் விரித்தால் சில நிமிடங்களில் நீலம் திரும்பி வருகிறது. வெளுப்பிலும் இதே இயல்பு வேலை செய்கிறது. எனவே ஹைட்ரோஸ் தரும் வெண்மை பெராக்சைடு தரும் வெண்மையைப் போல நீடிப்பதில்லை. காற்றும் வெயிலும் பட்டால் ஒரு பகுதி மஞ்சள் மெல்லத் திரும்பக்கூடும். கீழே வெளுத்தலில் சொல்லும் பல படிகள் காற்றைத் தள்ளி வைப்பதற்காகவே இருப்பதைக் கவனியுங்கள். பெராக்சைடில் பழகியவர்கள் நன்றாகக் கலக்கி, நீண்ட நேரம் கொதிக்கவிட்டுச் செய்வார்கள். இங்கே அந்தப் பழக்கம் வெளுப்பானைத்தான் வீணாக்கும்.

இந்த விளக்கத்தில் 100 கிராம் கச்சாப் பட்டு நூலை எடுத்துக்கொள்கிறேன். உடுமலைப்பேட்டை, கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பட்டுப்புழுக் கூடுகளில் வெண்பட்டுக் கூடும் உண்டு, மஞ்சள் சாயல் கொண்ட கலப்பினக் கூடும் உண்டு. முதன்முறை செய்பவர்கள் வெண்பட்டு நூலையே வாங்குங்கள். மஞ்சள் கூட்டின் நிறம் பெரும்பாலும் மேலுள்ள பசையில் இருப்பதால் பசை நீக்கும்போதே கணிசமாகப் போய்விடும். என்றாலும் எஞ்சும் சாயலை அகற்றக் கை பழகியிருக்க வேண்டும்.

ஹைட்ரோஸை வாங்குவதும் வைப்பதும்

இது வெள்ளைத் தூள். லேசான கந்தக வாசனை இருக்கும். வாசனை மூக்கைத் துளைக்கும் அளவுக்குக் காரமாக இருந்தாலோ, தூள் கட்டிதட்டிப் போயிருந்தாலோ அது ஈரம் கண்டு கெட்டுப்போன சரக்கு, வாங்க வேண்டாம். தேவைக்கு மட்டும் சிறிய அளவில் வாங்குங்கள்.

ஈரம் பட்ட ஹைட்ரோஸ் தானாகவே சூடேறி, புகைந்து, தீப்பற்றக்கூடியது. நான் வேலை கற்றுக்கொண்ட பட்டறையில் ஓர் ஐப்பசி மழை நாளில், மூடியைச் சரியாக அடைக்காமல் விட்ட டிரம்முக்குள் கூரையிலிருந்து சொட்டிய நீர் இறங்கி, அரை மணி நேரத்தில் அறை முழுவதும் கந்தகப் புகை நிறைந்தது. அருகில் இருந்த ஒருவர் மூச்சுத் திணறி வெளியே ஓடி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இதை இத்தனை அழுத்தமாகச் சொல்கிறேன். டப்பாவை இறுக மூடி, தரையில் படாமல் மரப்பலகை மேல், உலர்ந்த நிழலான இடத்தில் வையுங்கள். அள்ளும் கரண்டி முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். தூளின் மேல் சிறிதளவு நீர் தெளிப்பது வெப்பத்தைக் கூட்டும். தீப்பிடித்துவிட்டால் மிகுந்த நீரைக் கொட்டி முழுவதுமாக மூழ்கடிக்க வேண்டும். ப்ளீச்சிங் பவுடர், பெராக்சைடு, அமிலம் ஆகியவற்றின் பக்கத்தில் இதை ஒருபோதும் வைக்காதீர்கள். அமிலம் பட்டால் கந்தக டைஆக்சைடு வாயு வெளிப்படும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்யாமல் இருப்பது நல்லது.

வெல்லப் பாகின் நிறத்தை வெளுக்க இதே பெயருள்ள தூளைப் போடும் வழக்கம் நம் பகுதியில் இருந்து வருவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது: சாயக்கடையில் கிடைக்கும் தூள் உணவுக்கு உரியது அன்று. அளவைக் கரண்டி, பாத்திரம், தராசுத் தட்டு எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

தேவையானவை

ஹைட்ரோஸ் 9 கிராம், சோடியம் பைரோபாஸ்பேட் 3 கிராம், அயனி அல்லாத வெட்டிங் ஆயில் (நூலைச் சீராக நனைய வைக்கும் திரவம்) 1 முதல் 2 மில்லி, காரமில்லாத நல்ல சோப்பு 25 கிராம், சிறிது அசிட்டிக் அமிலம். ரப்பர் கையுறை, கண்களைக் காக்கும் கண்ணாடி, வெப்பமானி, பி.ஹெச். (அமில, காரத் தன்மையின் அளவு) காட்டும் காகிதம், ஒரு கிராம் வரை காட்டும் தராசு. பாத்திரம் எவர்சில்வராகவோ எனாமல் பூசியதாகவோ இருக்க வேண்டும். செம்பு, பித்தளை, இரும்பு, அலுமினியம் ஆகியவை ஆகா. செம்பும் பித்தளையும் இந்தக் கரைசலில் கருத்து, நூலில் கறையை விடும். பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடி கட்டாயம் வேண்டும்.

நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் கிடைப்பவர்கள் பேறு பெற்றவர்கள்; அது மென்னீர். மற்ற இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது. கடின நீரில் சோப்பு திரிந்து, வெண்மையான பிசுக்காகப் பட்டின் மேல் படியும். அதன்மேல் எத்தனை வெளுத்தாலும் நூல் மங்கலாகவே இருக்கும். ஆர்.ஓ. நீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

முதற்படி: பசை நீக்குதல்

கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசை. அது இருக்கும்வரை வெளுப்பான் நாரைச் சென்று சேராது. பட்டு வெளுக்கவில்லை என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தவறவிட்டது ஹைட்ரோஸில் அன்று, இந்தப் படியில்தான்.

நூல் சிட்டத்தை மூன்று நான்கு இடங்களில் பருத்தி நூலால் தளர்வாக எட்டு வடிவில் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் அந்த இடம் வெளுக்காமல் வரியாக நிற்கும். 3 லிட்டர் நீரில் 25 கிராம் சோப்பைக் கரைத்து, நூலை அமிழ்த்தி, 90 முதல் 95 டிகிரி செல்சியஸில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் இழைகள் உராய்ந்து பஞ்சுபோல் எழும். எனவே கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துங்கள். பிறகு சுடுநீரில் இரு முறையும் வெதுவெதுப்பான நீரில் ஒரு முறையும் அலசுங்கள். சுடுநீரில் அலசாமல் நேரே குளிர்ந்த நீரில் போட்டால் சோப்பு நூலிலேயே உறைந்துவிடும்.

ஒரு சிறு துண்டு நூலை உலர்த்தித் தொட்டுப் பாருங்கள். கம்பிபோன்ற விறைப்பு போய், வழுவழுப்பும் பளபளப்பும் வந்திருக்க வேண்டும். முழுச் சிட்டத்தையும் உலர்த்தி நிறுத்தால் 100 கிராம் என்பது 75 முதல் 80 கிராமாகக் குறைந்திருக்கும். விறைப்பு இருந்தால் புதிய சோப்பு நீரில் மீண்டும் அரை மணி நேரம் வையுங்கள்.

இரண்டாம் படி: கரைசலைத் தயாரித்தல்

இங்கே வரிசை மிக முக்கியம். 3 லிட்டர் நீரை 50 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் பைரோபாஸ்பேட்டையும் வெட்டிங் ஆயிலையும் கரையுங்கள். பைரோபாஸ்பேட் நீரிலுள்ள உலோக உப்புகளைப் பிடித்து வைப்பதோடு, ஹைட்ரோஸ் சிதையும்போது உண்டாகும் அமிலத்தைத் தாங்கிக்கொள்ளவும் உதவுகிறது. இந்த நிலையில் கரைசல் காரத்தன்மையுடன் (பி.ஹெச். 7க்கு மேல்) இருக்கும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.ஹெச். 7 அளவுக்குக் கொண்டுவாருங்கள். அமிலம் சேர்க்கும் வேலை இத்துடன் முடிந்துவிட வேண்டும். ஹைட்ரோஸ் போட்ட பிறகு அமிலத்தைத் தொடவே கூடாது.

நூல் நனைந்த நிலையில், நீர் வடிந்து, கைக்கெட்டும் தொலைவில் தயாராக இருக்கட்டும். ஹைட்ரோஸைக் கடைசியில்தான் அளக்க வேண்டும். சன்னல்கள் திறந்திருக்க, 9 கிராம் தூளை நீரின் மேல் பரவலாகத் தூவி, நுரை எழாமல் மெதுவாகக் கிளறுங்கள். தூளை நீரில் போட வேண்டுமே தவிர, தூளின் மேல் நீரை ஊற்றக் கூடாது. முன்பே கரைத்து வைத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். கரைந்த ஹைட்ரோஸ் காற்றிலும் வெப்பத்திலும் ஒவ்வொரு நிமிடமும் வலுவிழந்துகொண்டே இருக்கும்.

மூன்றாம் படி: வெளுத்தல்

உடனே நூலை அமிழ்த்தி, நூலின் எந்தப் பகுதியும் நீருக்கு மேலே நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே மிதக்கும் பகுதி மஞ்சளாகவே தங்கிவிடும். தேவைப்பட்டால் ஒரு பீங்கான் தட்டை மேலே வைத்து அழுத்தலாம். மூடியைப் போட்டு, பத்து நிமிடத்தில் 60 டிகிரிக்கு ஏற்றி, அதே சூட்டில் 45 நிமிடம் வையுங்கள். இடையில் மூன்று முறை மட்டும், கையுறை அணிந்த கையாலோ வழவழப்பான கோலாலோ, நீருக்குள்ளேயே சிட்டத்தைத் திருப்பிவிடுங்கள். தூக்கிப் பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் வரும். தூக்கும் ஒவ்வொரு முறையும் கரைசலுக்குள் காற்றை ஏற்றுகிறோம்.

20 நிமிடம் கழித்து பி.ஹெச். காகிதத்தில் பாருங்கள். 5.5க்குக் கீழே இறங்கியிருந்தால் கரைசல் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். சிட்டிகை சோடா உப்பை நீரில் கரைத்து ஊற்றிச் சரிசெய்யலாம். கரைசலில் வலு மிச்சமிருக்கிறதா என்பதைப் பட்டறைகளில் வேட் மஞ்சள் சாயம் (அவுரியைப் போல ஹைட்ரோஸில் நிறம் மாறும் சாய வகை) ஏற்றிய காகிதத்தால் பார்ப்பார்கள். போதிய ஹைட்ரோஸ் இருந்தால் மஞ்சள் காகிதம் சில விநாடிகளில் நீலமாகும்.

சூட்டை 80, 90 என்று ஏற்றினால் வெண்மை கூடும் என்று நம்பிச் செய்பவர்கள் உண்டு. அந்தச் சூட்டில் ஹைட்ரோஸ் நாரில் வேலை செய்வதற்கு முன்பே சிதைந்துவிடுகிறது; வீச்சம்தான் கூடும்.

நான்காம் படி: அலசலும் சோதனையும்

40 டிகிரி நீரில் ஒரு முறை, பிறகு குளிர்ந்த நீரில் மூன்று முறை அலசுங்கள். நாரில் தங்கும் கந்தகச் சேர்மங்கள் பின்னாளில் வாசனையையும், சாயம் ஏற்றும்போது திட்டுத்திட்டான நிறத்தையும் தரும். அலசல் போதுமா என்பதைக் கண்டறிய வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. மெல்லிய அரிசிக் கஞ்சித் தண்ணீரில் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விட்டால் நீல நிறம் வரும். அதை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பிரித்து, ஒன்றில் நல்ல நீரையும் மற்றதில் கடைசி அலசல் நீரையும் சம அளவில் ஊற்றுங்கள். அலசல் நீர் விட்ட குவளையில் நீலம் மறைந்தால் ஹைட்ரோஸின் எச்சம் இருக்கிறது. மீண்டும் அலச வேண்டும். இரண்டிலும் நீலம் ஒரே அளவில் நின்றால் வேலை முடிந்தது. அதன் பிறகே, பட்டுக்குரிய மொறுமொறுப்பு வேண்டும் என்பவர்கள், லிட்டருக்கு அரை மில்லி அசிட்டிக் அமிலம் கலந்த நீரில் ஐந்து நிமிடம் நனைத்தெடுக்கலாம்.

முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுற்றி அழுத்தி நீரெடுத்து, நிழலில் உலர்த்துங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் மாதங்களில் நிழலிலேயே விரைவாக உலர்ந்துவிடும். வெயிலில் போட்டால் பெற்ற வெண்மை அன்றே குறையத் தொடங்கும்.

இன்னும் வெண்மை வேண்டுமென்றால்

வெண்மை நீடிக்க வேண்டிய நூலுக்கு, முதலில் பெராக்சைடு, பிறகு ஹைட்ரோஸ் என்னும் இரட்டை வெளுப்பே சரியான வழி. பசை நீக்கிய பட்டை, லிட்டருக்கு 35 சதவீதப் பெராக்சைடு 10 மில்லி, பி.ஹெச். 8.5 முதல் 9, 70 டிகிரி, ஒரு மணி நேரம் என்ற கணக்கில் வெளுத்து, பெராக்சைடு துளியும் இல்லாதவாறு அலசிய பிறகு மேற்சொன்ன கரைசலுக்குக் கொண்டுவர வேண்டும். மிச்சப் பெராக்சைடு ஹைட்ரோஸைத் தின்றுவிடும். கம்பளிக்கும் இதே கரைசல் பொருந்தும். ஆனால் சூடு 50 முதல் 55 டிகிரிக்குள், பி.ஹெச். 5.5 முதல் 6 அளவில் இருக்கட்டும், திருப்பும்போது கசக்கினால் கம்பளி சுருண்டு கட்டிதட்டிவிடும். பருத்தியின் இயற்கை மஞ்சளுக்கு ஹைட்ரோஸ் போதாது. அதற்குப் பெராக்சைடே சரி.

கழிவுக் கரைசல்

பயன்படுத்திய கரைசல் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். பள்ளத்திலோ வாய்க்காலிலோ விட்டால் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். நொய்யல் ஆறும் அதன் மேலுள்ள ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் என்ன ஆயின என்பதையும், 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டதையும் பார்த்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆறிய கரைசலை அகலமான பிளாஸ்டிக் தொட்டியில், திறந்த வெளியில் ஒரு நாள் வைத்து அவ்வப்போது கிளறுங்கள். முன்பு தவிர்த்த காற்று இப்போது நமக்கு உதவும். மறுநாள் கஞ்சி அயோடின் சோதனை செய்து, நீலம் நிற்கும் வரை மிக நீர்த்த பெராக்சைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சோடா உப்பால் பி.ஹெச். 7க்குக் கொண்டுவாருங்கள். இதற்குப் பிறகும் அதில் சல்பேட் உப்பு கரைந்தே இருக்கும். அது காற்றாலும் பெராக்சைடாலும் போகாது. ஆகவே தென்னைக்கோ வயலுக்கோ பாய்ச்சாமல் கேனில் சேர்த்து வைத்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துடன் இணைப்புள்ள பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு அவர்களுடைய கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றிவிடுங்கள்.